ஞாயிறு காலையில் பிரிந்து நடக்கும் பிள்ளைகள்: குமரி மாவட்டத்தில் பொதுக்கல்வித் திட்டத்தை எங்கே தொடங்குவது?

குமரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியோ, ஊர் இளைஞர் மன்றமோ, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியோ ஒரு சமூகக் கல்வித் திட்டத்தைத் தொடங்க விரும்புகிறது என்று கொள்வோம். மதத்தாலும் சாதியாலும் மொழியாலும் தொழிலாலும் உடல்நிலையாலும் வேறுபட்டவர்கள் ஒரே இடத்தில் அமர்ந்து கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதை நடத்துவதற்கு நடைமுறையில் நான்கு இடங்கள் உள்ளன: பள்ளிக்கூடம், வழிபாட்டிடங்களை ஒட்டி நடக்கும் வகுப்புகள், மகளிர் சுய உதவிக் குழு, நாளிதழும் நூலும் படிக்க ஊரார் கூடும் படிப்பகம். நல்லிணக்க விழா என்று ஒரு நாளில் முடித்துக்கொள்ளும் வழி ஐந்தாவது. ஓராண்டுக்கான பணமும் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்களும் மட்டுமே கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான உள்நாட்டு ஊர்களுக்குப் படிப்பகமே பொருத்தம் என்பது என் முடிவு. ஆனால் படிப்பகம் இன்றிருக்கும் நிலையில் அதற்குத் தகுதியானதாக இல்லை என்பதையும், கடற்கரையிலும் மலையிலும் இந்த முடிவு மாறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாவட்டத்தின் இயல்பைக் கணக்கில் எடுக்காமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 18,70,374 பேர். எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே முதலிடம். இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு, முஸ்லிம்கள் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இரு பெரும் சமயத்தவர் ஏறக்குறைய சரிசமமாக வாழும் மாவட்டம் தமிழ்நாட்டில் வேறில்லை. கல்வி பரவினால் பிரிவினை தானாகக் குறையும் என்று பிற மாவட்டங்களில் நம்பிக்கையோடு சொல்லலாம்; குமரியில் அப்படிச் சொல்ல 1982 இடம் தரவில்லை. அந்த ஆண்டு மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து–கிறிஸ்தவக் கலவரம், எழுத்தறிவில் அன்றே முன்னணியில் இருந்த ஒரு மாவட்டத்தில்தான் நடந்தது. அரசு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து அமைதிப் பணியில் ஈடுபட்டார். படிக்காததால் வந்த கலவரம் என்று அதை எவரும் சொல்லிவிட முடியாது. குமரி மக்கள் நன்றாகப் படித்தவர்கள்தாம். தனித்தனி அறைகளில் இருந்து படித்தவர்கள்.

அந்தத் தனியறைகளைக் காண ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் இடைப்பட்ட ஏதேனும் ஓர் ஊரின் முக்கில் நின்றால் போதும். திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஒரு பக்கம் நடக்கிறார்கள். ஓய்வுநாள் பாடசாலைக்குப் போகிறவர்கள் வேதப் புத்தகத்தோடு இன்னொரு பக்கம். கோயில் மண்டபத்தில் நடக்கும் சமய வகுப்புக்குப் போகிறவர்கள் நெற்றியில் திருநீற்றோடு மூன்றாவது பக்கம். மதரசா நடக்கும் ஊரில் அதற்கும் தனி நேரம் உண்டு. திங்கட்கிழமை ஒரே பேருந்தில் ஏறப்போகும் பிள்ளைகள்தாம் இவர்கள் எல்லோரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சம்பளம் வாங்காத ஆசிரியர்களைக் கொண்டு, பாடத்திட்டமும் தேர்வும் போட்டிகளும் ஆண்டு விழாவும் பரிசுகளும் தவறாமல், தலைமுறைகளாக நடந்துவரும் வகுப்புகள் இவை. மாவட்டத்தில் மிகச் சிறப்பாக நடக்கும் சமூகக் கல்வி எது என்று கேட்டால் இவற்றைத்தான் காட்ட வேண்டும். பொதுத் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறவர் இவற்றோடு போட்டியிட்டால் தோற்பார் என்பது மட்டும் உறுதி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைக்கும் திட்டம் எதுவாயினும் அது வெறும் நாற்காலிகளுக்குத்தான் நடக்கும்.

வேற்றுமை என்றதும் இங்கே எல்லோர் மனத்திலும் முதலில் வருவது மதம். அதனாலேயே மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள். பேச்சிப்பாறை அணைநீரைப் படகில் கடந்து வரவேண்டிய காணிப் பழங்குடிக் குடியிருப்புகளின் பிள்ளைகள், விளவங்கோடு பகுதியில் மலையாளத்தை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள், பழவிளை, பெருமாள்புரம் முதலிய முகாம்களில் ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழும் இலங்கைத் தமிழர்கள், கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்து தங்கியுள்ள வட மாநிலத் தொழிலாளர்கள், வீட்டைவிட்டு வெளியே வராத மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் ஆகியோர் இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் என்ற மூன்று கட்டங்களுக்குள் வைத்து எண்ணப்படும்போது விடுபட்டுவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வழியைப் பற்றியும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அந்த இடத்துக்கு யார் வரமாட்டார்கள் என்பதே. யார் நடத்துவார்கள், கசப்பான விஷயத்தை அங்கே பேச முடியுமா, பணம் நின்ற பிறகும் அது நிற்குமா என்பவை அதற்குப் பின்னர் வரும்.

விழாவும் கிராம சபையும்

ஒரு நாள் விழாவை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. மூன்று சமயத் தலைவர்கள் மேடையில் கைகோத்து நிற்பார்கள், உறுதிமொழி வாசிக்கப்படும், புகைப்படம் நாளிதழில் வரும். பதற்றம் நிலவும் நாட்களில் அந்தப் புகைப்படத்துக்கும் ஒரு பயன் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். கல்வித் திட்டம் என்று அதைக் கணக்கில் எழுத முடியாது, அவ்வளவே.

கிராம சபையைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஆண்டுக்கு 6 நாட்கள் கூடும் அந்தச் சபை பிற மாவட்டங்களில் நல்ல வாய்ப்பாக இருக்கலாம். குமரியில் 2011 கணக்கெடுப்பின்படி ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நகர்ப்புறம் என வகைப்படுத்தப்பட்ட பகுதிகளில் வாழ்கிறார்கள். பார்வைக்குத் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் குளமுமாகத் தெரியும் ஊர்கூடச் சட்டப்படி பேரூராட்சியாக இருக்கும். பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. மாவட்டத்தின் பெரும்பகுதிக்குக் கிடைக்காத மன்றத்தின் மேல் திட்டத்தைக் கட்ட வேண்டாம்.

பள்ளிக்கூடம்

பள்ளியின் பெரும் பலம், பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்பதுதான். வட்டார வள மையங்களின் வழியே சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான ஆசிரியர்கள் வருகிறார்கள்; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அனைவரையும் உள்ளடக்கிய கல்வியைப் பள்ளியின் கடமையாக்கியிருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் 2022 முதல் வழங்கப்படும் காலை உணவை வரிசையில் அமர்ந்து உண்ணும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, நல்லிணக்கம் பற்றிய எந்தப் பாடத்தையும்விட அந்த உப்புமாவுக்கும் சாம்பாருக்கும் வலிமை அதிகம் என்றே தோன்றும்.

இருப்பினும் இந்த மாவட்டத்தில் பள்ளி என்பதே பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அரசுப் பள்ளி, சமய நிறுவனங்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளி, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி எனப் பிள்ளைகள் பெற்றோரின் வருமானத்துக்கு ஏற்பப் பிரிந்துவிட்ட பிறகு, ஒரு பள்ளிக்குள் நடக்கும் திட்டம் அந்தத் தட்டுக்குள்ளேயே சுற்றிவரும். மாலையில் கதவு பூட்டப்படும்; பெரியவர்கள் வர மாட்டார்கள். ஆர்வமுள்ள ஆசிரியர் மாறுதலாகிப் போனால் அவர் தொடங்கிய மன்றமும் அவரோடு போய்விடும்.

பாடப்பொருளிலும் பள்ளிக்குக் கை கட்டப்பட்டிருக்கிறது. அரசு நிதியில் மட்டுமே நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. அது சரியான விதி. சமயங்களைப் பற்றிய வரலாற்றைச் சொல்வதை அந்த விதி தடுக்கவில்லை. தலைமையாசிரியரின் தயக்கம்தான் தடுக்கிறது, அதற்கு அவரைக் குறை சொல்வதற்கில்லை. தோள்சீலைப் போராட்டம் இந்த மண்ணில் நடந்தது. 1859இல் திருவிதாங்கூர் அரசு சாணார் (இன்றைய நாடார்) பெண்களுக்கு மேலாடை உரிமையை அறிவித்ததோடுதான் அது ஓய்ந்தது. அதைச் சொல்லும் பாடப்பகுதியை 2017ஆம் ஆண்டிலிருந்து தேர்வுக்கு எடுக்க வேண்டாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016இல் சுற்றறிக்கை அனுப்பியது. நிலைமை அப்படியிருக்க, 1982ஐப் பற்றி ஒரு வகுப்பு நடத்தும்படி குளச்சல் வட்டாரத்து ஆசிரியர் ஒருவரை நாம் எந்த முகத்தோடு கேட்பது?

பள்ளியின் நீட்சியாக இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலரைக் கொண்டு தெருவிலேயே மாலை வகுப்பை நடத்தியது. படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் குமரியில் ஏராளம் என்பதால் தன்னார்வலருக்கு இங்கே பஞ்சம் வராது. ஆனால் தெருவை அலகாகக் கொள்ளும் வகுப்பு தெருவைப் போலவேதான் இருக்கும். கலந்து வாழும் தெருவில் வகுப்பும் கலந்திருக்கும். ஒரே சாதியார் வாழும் தெருவில் அந்தத் திட்டம் கணக்கும் வாசிப்பும் கற்றுத்தரும். பக்கத்துத் தெருவை அறிமுகப்படுத்தாது.

வழிபாட்டிடங்களின் வகுப்புகள்

இடம், நாற்காலி, ஒலிபெருக்கி, ஆசிரியர், பெற்றோரின் நம்பிக்கை ஆகிய ஐந்தும் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரே வழி இது. இதைக் கைக்கொள்வதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பிள்ளைகள் அவரவர் வகுப்பிலேயே இருக்க, ஆண்டில் சில வாரங்கள் எல்லா வகுப்புகளிலும் ஒரே பொதுப்பாடத்தை நடத்துவது. மற்றொன்று, பிள்ளைகளையே ஒருவர் இடத்துக்கு மற்றவர் அழைத்துப் போவது.

முதல் முறைக்குப் பொருள் தேடி எங்கும் அலைய வேண்டாம். 1806இல் மயிலாடிக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே அடிகள் தொடங்கிய பள்ளி, மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி, தக்கலையில் அடங்கிய சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் தமிழ்ப் பாடல்கள், டாக்டர் எம். இ. நாயுடு போன்றோர் முன்னின்று கோயில் தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமை கேட்ட சுசீந்திரம் சத்தியாகிரகம், 1936 நவம்பர் 12 அன்று வெளிவந்த கோயில் நுழைவு அறிவிப்பு என எல்லாமே ஒரு நாள் பயணத்தில் சென்று காணக்கூடிய தொலைவில் உள்ளன. மறைக்கல்வி வகுப்பில் ஒரு ஞாயிறு சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த அய்யா வைகுண்டரைப் பற்றியும், சமய வகுப்பில் ஒரு ஞாயிறு ரிங்கல்தௌபேயைப் பற்றியும் பேசினால் வானம் இடிந்து விழுந்துவிடாது.

இரண்டாம் முறை எளிதன்று. மதமாற்றம் என்ற சொல் இம்மாவட்டத்தில் எப்போதும் பக்கத்து அறையில் காத்துக்கொண்டிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு பிள்ளைகளை வேறொரு வழிபாட்டிடத்துக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் மறுநாள் ஊர்க்கமிட்டியின் முன் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அச்சம் நியாயமா என்ற விவாதம் வேறு. அச்சம் இருக்கிறது என்பதே திட்டமிடுகிறவருக்குப் போதுமான தகவல்.

இந்த வழியின் மேல் எனக்குள்ள முக்கியமான ஐயம் வேறு. சமயத்தின் பெயரால் அழைக்கப்படும் எவரும் அங்கே தம் சமயத்தின் பிரதிநிதியாகவே வந்து அமர்கிறார். மீன் விலையும் ரேஷன் கடையும் பிள்ளையின் கணக்குப் பாடமும் பேசவேண்டிய இருவர், "எங்கள் மதம் என்ன சொல்கிறதென்றால்" என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதோடு, ஒரே சமயத்துக்குள்ளும் சாதி பிரித்து வைத்திருக்கும் எல்லைகளைப் பற்றி அந்த மண்டபத்தில் பேச முடியாது. வட மாநிலத் தொழிலாளிக்கும் திருநங்கைக்கும் அங்கே இருக்கை போடப்படுவதும் அரிது. முதன்மை வழியாக இதைக் கொள்ள முடியாது. பொதுப்பாடத்துக்கான துணை வழியாக மட்டும் கொள்ளலாம்.

சுய உதவிக் குழு

12 முதல் 20 பெண்கள், சேமிப்பும் கடனும், முறையாக எழுதப்படும் பதிவேடு எனச் சுய உதவிக் குழு ஏற்கெனவே ஓர் ஒழுங்கோடு கூடுகிறது. வருகைப்பதிவுக்காக எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை. கலந்து வாழும் ஊர்களில் குழுவும் கலந்தே இருக்கிறது: அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலையில் ஒரே பெஞ்சில் இருந்து பருப்பு உரிக்கும் பெண்கள் ஒரே குழுவில் கையெழுத்திடுகிறார்கள், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்கிறார்கள். ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் இந்தக் கட்டு எந்த வகுப்பறையிலும் கிடைக்காதது.

ஆனால் அந்தக் கட்டுக்குள் எளிதில் சேர்த்துக்கொள்ளப்படாத ஒருவர் இருக்கிறார்: கடனைத் திருப்பிக் கட்ட மாட்டார் என்று மற்றவர்கள் கருதும் பெண். விதவை, நாள்பட்ட நோயாளியின் மனைவி, மாற்றுத்திறனாளி, வாடகைக்கு வந்தவர் ஆகியோரைக் குழு மென்மையாக ஒதுக்கிவிடும். கெட்ட எண்ணத்தால் அன்று, வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பால். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிச் சிறப்புக் குழு அமைப்பது அவர்களுக்குக் கடன் பெற்றுத்தர உதவும். ஒன்றாக அமரச் செய்ய உதவாது. ஆண்கள் முழுமையாக வெளியே நிற்கிறார்கள் என்பதும் சிறிய குறை அல்ல, ஏனெனில் இம்மாவட்டத்தில் ஊர்ச் சண்டைகளைத் தொடங்குகிறவர்கள் அவர்கள்தாம்.

படிப்பகம்

குமரியின் அன்றைய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவை. 1945இல் அம்பலப்புழையில் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் உருவான காலத்து வாசகசாலைப் பழக்கத்தின் சாயல் இம்மாவட்டத்தில் இன்றும் உண்டு. சாலை முக்கில் ஓர் ஓட்டுக் கட்டடம் அல்லது கான்கிரீட் அறை. தலைவர் ஒருவரின் பெயர். மேசையில் விரித்துப் போட்ட இரண்டு நாளிதழ்கள். ஒரு மூலையில் கேரம் பலகை. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் விளையாட்டுப் போட்டி. இதற்குப் புறம்பாக, சொத்துவரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியில் இயங்கும் அரசு நூலகங்கள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் அதற்கு வழிசெய்தது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் கட்டப்பட்ட நூலகக் கட்டடங்களில் சில பூட்டியே கிடப்பதையும் காணலாம்.

இன்றைய படிப்பகத்தின் குறைகளை மறைக்க வேண்டாம். அதன் வாசலில் மூன்று படிகள் இருக்கும். சக்கர நாற்காலி ஏறாது. மாலையில் திண்ணையில் ஆண்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போக எந்தப் பெண்ணும் விரும்புவதில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஒரு கட்சியின் அல்லது சாதியின் நிறம் உண்டு. எந்த நிறம் என்று அறியச் சுவரில் உள்ள படங்களைப் பார்க்க வேண்டியதில்லை; சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று கேட்டால் போதும்.

இத்தனை இருந்தும் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம், மற்ற மூன்று இடங்களிலும் இல்லாத ஒன்று அங்கே இருப்பதுதான். அங்கே வருகிறவர் எதன் பிரதிநிதியாகவும் வர வேண்டியதில்லை. மாணவன், ஆலயப் பங்கு உறுப்பினர், கடன்தாரர் என்ற எந்த அடையாளமும் இல்லாமல், நாளிதழ் பார்க்க வந்தவராக உள்ளே நுழையலாம். அரசின் விதியும் ஆலயத்தின் விதியும் வங்கியின் விதியும் அங்கே கிடையாது. குறைகள் கட்டடத்தையும் பழக்கத்தையும் சார்ந்தவை. அவற்றை ஓர் ஆண்டில் திருத்த முடியும். பள்ளியின் தட்டுகளையும் வழிபாட்டிடத்தின் எல்லைகளையும் எந்த ஊர்த் திட்டத்தாலும் திருத்த முடியாது.

என்ன கற்பிப்பது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. "வேற்றுமையில் ஒற்றுமை" என்ற தலைப்பில் சொற்பொழிவு வைத்தால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் மட்டுமே வருவார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் காலத்து முத்திரிக் கிணற்றை நினைத்துப் பார்க்கலாம். பொதுக் கிணற்றில் எல்லோரும் நீரெடுக்க முடியாதிருந்த காலத்தில், பல சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளித்து, ஒரே நீரைக் குடித்தார்கள். சமத்துவம் அங்கே அன்றாடச் செயலாக நடந்தது. உரையின் பங்கு அதில் சிறியது. படிப்பகத்தின் பாடமும் ஒருவருக்கு மற்றவரால் ஆகவேண்டிய காரியமாக இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. திருவிதாங்கூர்க் காலத்து நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. பாகப்பிரிவினைக்கோ பட்டாவுக்கோ அவற்றை வாசிக்க வேண்டி வரும்போது, கல்குளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எழுத்தரிடம் பணம் கொடுத்துக் காத்திருக்கிறது. வாரம் ஒரு மாலை, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய ஒரு மூதாட்டி பழைய பத்திரம் வாசிக்கக் கற்றுத்தந்தால், அவர் அந்த அறையில் ஆசிரியர். மலையாளி என்று கேலி செய்த இளைஞனே தன் தாத்தாவின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் அமர்வான். கைவிரலால் எழுத்தைத் தொட்டு, இது 'ழ', இது 'ற' என்று இருவரும் குனிந்து பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான நல்லிணக்க வகுப்பை நான் அறியேன். அவ்வாறே, காது கேளாத இளைஞர் ஒருவர் ஊராருக்குச் சைகை மொழியின் அடிப்படைகளைக் கற்பிக்கலாம். வட மாநிலத் தொழிலாளருக்குப் பேச்சுத் தமிழ் கற்பிக்கும் கல்லூரிப் பெண்கள் பதிலுக்கு இந்தி பேசப் பழகலாம். முகாமில் வளர்ந்து பட்டம் பெற்ற ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். எப்போதும் உதவி பெறுகிறவராகவே பார்க்கப்பட்டவர் ஒரு மாலையேனும் கற்பிக்கிறவராக அமர வேண்டும் என்பதை இத்திட்டத்தின் மாறாத விதியாக வைக்கச் சொல்வேன்.

கசப்பான வரலாற்றைப் பேசுவதற்கும் இந்த இடம் ஓரளவு தாங்கும். முதல் ஆண்டிலேயே 1982ஐ எடுக்க வேண்டாம். பத்திர வாசிப்பிலும் சைகை மொழியிலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிய பிறகு, அந்த நாட்களைக் கண்ட மூத்தவர்கள் இரு தரப்பிலிருந்தும் வந்து பேசினால் கேட்கும் காது அங்கே இருக்கும்.

செலவும் நேரமும்

இரண்டு பகுதிநேர ஒருங்கிணைப்பாளர்களுக்கு மாதம் ஆளுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 96,000 ரூபாய் ஆகும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தையோ ஒரே சாதியையோ சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. சாய்தளமும் கழிப்பறையும் ஒருமுறைச் செலவு. பேரூராட்சியின் பொது நிதியிலோ சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ கேட்டுப் பெறக்கூடியவை. புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கும் ஆசையை முதல் ஆண்டில் அடக்கிக்கொள்வது நல்லது. கழிப்பறை இல்லாத படிப்பகத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை அலமாரி நூல்கள் இருந்தென்ன? சாவிகள் இரண்டு இருக்க வேண்டும். இரண்டாவது சாவி சுய உதவிக் குழுவின் ஊக்குநரிடம் இருந்தால், திண்ணையில் இருப்போரின் அனுமதி இல்லாமலே கதவு திறக்கும்.

நேரத்தைக் குறிப்பது அதைவிடக் கடினம். ரப்பர் பால்வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டியவர். இரவு எட்டுக்கு மேல் அவரை எதிர்பார்க்கக் கூடாது. அண்டி ஆபீஸ் பெண்கள் மாலையில்தான் வீடு சேர்கிறார்கள், அடுப்பு வேலையும் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. வட மாநிலத் தொழிலாளருக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. எனவே ஞாயிறு பிற்பகல் 3 முதல் 5 வரையிலும், வாரநாட்களில் இரண்டு மாலைகளிலும் நடத்துவதே பொருந்துகிறது. மாலை வகுப்பில் மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்கான இடைவேளையை முன்கூட்டியே நேர அட்டவணையில் எழுதிவிட வேண்டும். கேட்டபின் கொடுக்கும் இடைவேளை சலுகையாகத் தெரியும். கோயில் கொடை, ஆலயத் திருவிழா, பள்ளிவாசல் ஆண்டு விழா எதுவும் இல்லாத மாதம் குமரியில் கிடையாது என்பதால் விடுமுறைப் பட்டியலையும் எல்லாக் கமிட்டிகளையும் கேட்டே தயாரிக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் கூட்டமே திட்டத்தின் முதல் வகுப்பாகிவிடும்.

கடற்கரையிலும் மலையிலும்

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவை ஒரே ஆலயப் பங்காக, ஒரே சமூகமாக வாழ்பவை. அங்கே படிப்பகத்தைத் திறந்தாலும் உள்ளே அதே ஊர்தான் இருக்கும். பங்குப் பேரவையைத் தவிர்த்து எதுவும் நடக்காது; தவிர்க்க முயல்வதும் தேவையற்றது. அங்கே பொருத்தமான வழி, பங்கு மண்டபத்தையும் பெண்கள் குழுக்களையும் அடித்தளமாகக் கொண்டு, இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் ஊரோடு இணையாகத் திட்டத்தை நடத்துவதே. மீன் விற்கும் பெண்கள் தினமும் அந்த உள்நாட்டு ஊரின் தெருக்களில் நடப்பவர்கள். இரு ஊரையும் முகம் தெரிந்து அறிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒருங்கிணைப்பாளரை அவர்களிடமிருந்து தேர்ந்தெடுக்கலாம். ஆண்களையும் சேர்க்க வேண்டுமானால் மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்த வேண்டும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை என்பதால், சின்னமுட்டத்துக்கும் குளச்சலுக்கும் ஒரே கால அட்டவணை உதவாது. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்கு இந்தத் தடையே கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடற்கரையில் எல்லோருக்கும் அக்கறையுள்ள பாடம் ஒன்று உண்டு: வானிலை எச்சரிக்கையைப் படிப்பதும் தொலைத்தொடர்புக் கருவியைக் கையாள்வதும். உள்நாட்டு ஊரின் பாலிடெக்னிக் மாணவர்களை அதற்கு ஆசிரியர்களாக அழைக்கலாம். கடலைக் கற்பிக்க மீனவரே அவர்களுக்கு ஆசிரியர்.

காணிக் குடியிருப்புகளுக்கு நேர்மாறான எச்சரிக்கை வேண்டும். அவர்களைக் கீழே உள்ள படிப்பகத்துக்கு வரச்சொல்வது, படகுக்கும் பேருந்துக்கும் ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்வதாகும். குலசேகரத்தில் மையம் அமைத்துவிட்டு மலைவாழ் மக்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது நியாயமன்று. மாதம் ஒருமுறை கீழிருந்து மாணவர்கள் மேலே செல்ல வேண்டும். போக்குவரத்துச் செலவைத் திட்டம் ஏற்க வேண்டும். என்ன கற்பிப்பது என்பதைக் குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியும் பெண்களும் சொல்லட்டும். பணம் போதாமல் இரண்டில் ஒன்றை விட வேண்டிய நிலை வந்தால், படிப்பகத்தின் வாரநாள் மாலைகளில் ஒன்றைக் குறைத்து, மலைப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ளவர்களுக்கு மாலை வகுப்புக்கு வேறு இடம் கிடைக்கும். மேலே இருப்பவர்களுக்குக் கிடைக்காது.